எங்கள் ஊரில் ‘ராங்க்’ என்றால்

போன ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வன்னியிலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தார். பதினாறு வருசத்துக்குப் பிறகு வருகிறார். மூத்த மகளுக்கு வயது பதின்மூன்று. தமிழ் நன்றாகக் கதைப்பாள். வாசிக்கத்தான் தட்டுத் தடுமாறுவாள். வந்த இரண்டாம் நாள் பின்னேரம் வெயில் தணிய, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வயல் பக்கம் போனேன். குளத்துக்குத் திரும்புகிற ஒழுங்கையில் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. மூன்று மொழியிலும் எழுதிய பலகை. தமிழ் வரி உரிந்துபோய் ஆங்கில வரி மட்டும் தெளிவாக இருந்தது. அவள் அதை வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினாள்.

“சித்தப்பா, இஞ்சை இன்னும் ராங்க் நிக்குதோ?”

“ஓம் பிள்ளை, உதிலைதான். வா, காட்டுறன்.”

“வேண்டாம். வீட்டை போவம்.”

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அவளுடைய முகத்தில் உண்மையான பயம் இருந்தது. தகப்பன் சொன்ன கதைகளில் இருந்தும், ரொறன்ரோவில் ஒவ்வொரு வைகாசியும் காட்டுகிற யுத்தப் படங்களில் இருந்தும் அவளுக்கு வன்னியில் ராங்க் என்றால் ஒன்றுதான் தெரியும். இரும்புச் சங்கிலியில் ஓடுவது, நீளக் குழாய் வைத்துச் சுடுவது. நான் நினைத்ததோ தாமரை பூத்த தண்ணீரை. ஒரே சொல்லை இரண்டு பேரும் சொன்னோம், இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் நின்றோம்.

கையைப் பிடித்துக் குளக்கட்டில் ஏற்றினேன். ஆவணி மாதம் என்றபடியால் தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடந்தது. அலைகரை முழுக்கப் புல். மாடுகள் மேய்ந்தன, கொக்குகள் மாட்டின் காலடியில் நின்றன. “இதுதான் பிள்ளை ராங்க்” என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்ப ஏன் அந்தப் பேர்?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. “ராங்கியோ? அது தொண்ணூற்றேழிலை உந்த றோட்டாலை போனது. வீட்டுச் சுவர் நடுங்கினது இப்பவும் நெஞ்சுக்குள்ளை கிடக்கு” என்றா. அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து அண்ணியின் குரல்: “ராங்கிலை தண்ணி முடிஞ்சுபோச்சு, ஆராவது மோட்டரைப் போடுங்கோ!”

ஒரு வீடு, ஒரு பின்னேரம், ஒரு சொல், மூன்று பொருள். நான் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் தொழில். ஆனால் அன்றைக்கு அந்தக் குழந்தை கேட்ட “ஏன்” எனக்குள் நிறைய நாள் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுத்துப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘ரீ’ எழுத்தில் தொடங்குகிற சொல்லை நாங்கள் ‘ர’ போட்டு எழுதுவோம்: ரயர், ரிக்கற், ரெலிபோன். தமிழ்நாட்டவர்கள் ‘ட’ போடுவார்கள். அவர்களுடைய டேங்க்தான் எங்களுடைய ராங்க்.

இந்தச் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார்கள் என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது பிழை. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற அகராதி, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறது. அதில் இந்தச் சொல்லுக்கு நீண்ட குறிப்பு உண்டு. குஜராத்தியிலும் மராத்தியிலும் தண்ணீர்த் தொட்டியை, நிலத்தடியில் மழைத்தண்ணீர் சேர்த்து வைக்கும் கிடங்கை, ‘டாங்கு’, ‘டாங்கே’ என்கிற மாதிரியான சொற்களால் அழைத்தார்கள். போர்த்துக்கேயரிடமும் ‘தாங்க்கே’ என்று ஒரு சொல் இருந்தது. தேங்கி நிற்கிற தண்ணீர், குளம் என்பது பொருள். எங்களுக்கு அலுமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் தந்தவர்கள் அவர்கள்தான். மேற்குக் கரையில் இந்த இரண்டு சொற்களும் சந்தித்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆக, அந்தச் சொல் பிறந்தபோது அதற்குள் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதுவும் எங்கள் பக்கத்துத் தண்ணீர்.

ஆங்கில ஆட்சி இலங்கைக்கு வந்தபோது வரண்ட வலயம் முழுக்க நீர்நிலைகள். பழுதாகிக் கிடந்தவை பாதி, சனம் எப்படியோ காப்பாற்றி வைத்தவை பாதி. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நீர்ப்பாசனத்துக்கென்று ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு இரண்டையும் சேர்த்து வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கைநூல் எழுதினார். அந்தக் காலத்து அதிகாரிகளின் எழுத்தில் எங்கள் நீர்நிலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ராங்க். இன்றைக்கும் இலங்கை ஆங்கிலத்தில் அதுவே வழக்கம். ஒரு இங்கிலாந்துக்காரரிடம் போய் “எங்கள் ராங்கில் யானை குளிக்கிறது” என்று சொன்னால் அவருக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும்.

எனக்கு மனவருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. எங்களிடம் ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பமே இருந்தது.

மழை தேங்குகிற இடத்தையெல்லாம் வன்னியில் ஒரேமாதிரி அழைப்பதில்லை. கட்டுக் கட்டி, தண்ணீர் திறந்துவிடத் துருசு வைத்து, வயலுக்கு வாய்க்கால் எடுத்தால் அது குளம். காட்டுக்குள்ளே தானாகத் தண்ணீர் தேங்கி, மானும் மாடும் குடித்து, கோடையில் வெடித்துப்போகிற சின்னப் பள்ளம் என்றால் அது மோட்டை. ஆழமாக இருந்து, சுற்றியுள்ள இடம் வற்றினாலும் தான் வற்றாமல் கிடப்பது மடு. கோயிலடியில் படிகட்டிக் கல் பதித்தது கேணி. பரந்து, ஆழமில்லாமல், இயற்கையாகவே கிடப்பது வில். வில்பத்துக் காட்டுக்குப் பெயர் கொடுத்தது இதுதான், அங்குள்ள இயற்கை ஏரிகளைச் சிங்களத்திலும் வில்லு என்றுதான் சொல்வார்கள். மணற்பாங்கான நிலத்தில் சரிவாகத் தோண்டி இறங்கித் தண்ணீர் மொள்ளுவது துரவு. கட்டு உடைந்து குளம் அழிந்த இடத்துக்குக்கூட ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: முறிப்பு. தண்ணிமுறிப்பு என்ற பெயரைக் கேட்கிறபோது, எந்தக் காலத்திலோ ஒரு மார்கழி இரவில் யாரோ கட்டில் நின்று குழறியது எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்தச் சொற்கள் அகராதியில் கிடந்து தூங்குபவை அல்ல, பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் கூப்பிடுகிற சொற்கள். வவுனியாவிலிருந்து எங்கள் பக்கம் வந்தால் நெளுக்குளம், பம்பைமடு, பூவரசங்குளம். அங்கால போனால் செட்டிகுளம். கண்டி வீதியால் வடக்கே போனால் தாண்டிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கொக்காவில், இரணைமடு. கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. குளம், மடு, வில், கேணி என்று அந்தந்த நிலம் தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்தது என்பதைப் பெயரே சொல்லிவிடும். பெயரைக் கேட்டே அந்த ஊரின் தரை எப்படியிருக்கும் என்று என் அப்பா சொல்வார், போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது இத்தனையும் ஒரே சொல்லுக்குள் போய் அடைபட்டுப் போகின்றன.

எங்கள் ஊரின் பெயர் ஊருக்கு வைத்த பெயரல்ல, தண்ணீருக்கு வைத்த பெயர். பூவரசு நின்ற குளம் பூவரசங்குளம். சின்ன வயதில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இருக்காது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பூவரசங்குளத்தை அப்படியே எழுதிவிட்டு, அதன் வாலில் ராங்க் என்றும் சேர்த்தால், பூவரசங் குளம் குளம் என்றாகிறது. மாங்குளம் ராங்க், வவுனிக்குளம் ராங்க் எல்லாம் இப்படித்தான். மன்னாரிலுள்ள கட்டுக்கரைக்குளம் இன்னும் தூரம் போய்விட்டது. கட்டும் கரையும் சேர்ந்த அந்த நல்ல பெயர் ஆங்கிலத்தில் ‘இராட்சதனின் ராங்க்’ ஆகி நிற்கிறது. அந்தக் கட்டை உயர்த்தியது இராட்சதன் அல்ல, மண்வெட்டியும் கூடையும் பிடித்த மனிதர்கள்.

குளத்தைச் சுற்றியுள்ள சொற்களும் அப்படியே. குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வழிகிற இடத்தை நாங்கள் வான் என்கிறோம். “குளம் வான் பாயுது” என்றால் அந்த வருசம் காலபோகம் மட்டுமல்ல, சிறுபோகமும் செய்யலாம் என்று பொருள். மார்கழி மாதத்தில் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தால், அம்மாவின் சுகத்தை விசாரித்த கையோடு கேட்கிற கேள்வி “வான் பாயுதோ?” என்பதுதான். பனிக்குள் நின்றுகொண்டு கேட்பார். அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன். சிந்துகிறது, வழிகிறது என்றுதான் வருகிறது. ஆங்கிலத்தில் எதிலிருந்து எது வழிந்தாலும் வீண் போனது மாதிரி. எங்களுக்கு அது நிறைவு. அதுவும் வீண் போவதில்லை, ஒரு குளத்தின் வான் தண்ணீர் அடுத்த குளத்துக்குத்தான் போய்ச் சேரும். மேலேயுள்ள வயலின் கழிவுத் தண்ணீரும் கீழ்க் குளத்துக்கே. இந்தத் தொடரைச் சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார 1985இல் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் தனிக் குளமாகப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர்கள் தொடராகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு இலங்கை வரண்ட வலயத்தின் குளத்தொடரையும் குளத்தோடு சேர்ந்த கிராமத்தையும் உலக விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியலிலும் பெயர் ராங்க்தான்.

சரி, தண்ணீர் எப்படி இரும்பானது? எங்கள் பிள்ளையைப் பயப்படுத்திய பொருள் எங்கிருந்து வந்தது?

முதலாம் உலகப்போர். 1915. பிரான்ஸில் இரண்டு பக்கமும் பதுங்குகுழிக்குள் சிக்கிக் கிடந்தன. முள்ளுக்கம்பியையும் பதுங்குகுழியையும் ஏறிக் கடக்கிற இரும்பு வண்டி ஒன்றை ஆங்கிலேயர் இரகசியமாகச் செய்தார்கள். செய்தது இங்கிலாந்தின் லிங்கன் நகரில், உழவுக்கும் சூடடிப்புக்கும் இயந்திரங்கள் செய்து விற்ற வில்லியம் ஃபொஸ்ரர் என்ற கொம்பனி. முதலில் அதைத் தரைக்கப்பல் என்றார்கள். அந்தப் பெயர் வெளியே போனால் எதிரிக்கு விளங்கிவிடும். பட்டறையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லப்பட்டது, மெசொப்பொத்தேமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி என்று. பொருத்தமான மறைபெயர் தேடி, தொட்டி, கொள்கலன் என்று பொருள் தரும் வேறு சொற்களையும் பார்த்துவிட்டு, 1915 டிசம்பரில் ராங்க் என்பதைத் தெரிந்தெடுத்தார்கள். 1916 செப்ரெம்பர் 15ஆம் திகதி சொம் போர்முனையில் அது முதல்தடவை களத்தில் இறங்கியது. மறைக்க வைத்த பெயர் நிரந்தரப் பெயராகிவிட்டது.

இதில் எனக்கு மறக்கமுடியாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்தவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் ஸ்வின்ரன் என்ற படை அதிகாரி. அவர் பிறந்தது 1868இல், பெங்களூரில். ஏரிகளும் குளங்களுமாக இருந்த நகரம் அது. அங்குள்ள ஆங்கிலேயர் அவற்றையெல்லாம் ராங்க் என்றுதான் அழைத்தார்கள். பிறந்த ஊரை நினைத்துத்தான் அவர் அந்தச் சொல்லை எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துத் தண்ணீரின் பெயரை எங்கள் பக்கத்தில் பிறந்த ஒருவரே ஒரு கொலைக்கருவிக்குப் போர்வையாக எடுத்துப் போர்த்தினார் என்பதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

போர்வை போர்த்திய அந்தப் பொருள் எண்பது வருசம் கழித்து எங்கள் வீதிக்கு வந்தது. 1997 தொடக்கத்தில் வவுனியா-மன்னார் வீதியைத் திறப்பதற்கு இராணுவம் ‘எடிபல’ என்று ஒரு நடவடிக்கை செய்தது. அதே வருசம் மே 13இல் கண்டி வீதியைத் திறக்க ஜெயசிக்குறு தொடங்கியது. அம்மா சொன்ன சுவர் நடுக்கம் அந்த வருசத்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பாடத்தில் ராங்க் என்றால் குளம் என்று படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு வெளியே பெடியள் ராங்கி என்றால் ரி-55 என்று கதைத்தார்கள். இரண்டையும் ஒரே சொல் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களும் இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை. குளம் தமிழில் இருந்தது, ராங்கி வேறு எங்கோ இருந்து வந்தது.

பிறகு இன்னொரு சொல்லும் அப்படியே இரண்டாகியது. குளக்கட்டுக்கு இலங்கை ஆங்கிலத்தில் ‘பண்ட்’ என்று பெயர். 2008இல் ஆங்கிலச் செய்திகளில் தினமும் அந்தச் சொல் வந்தது. கிளிநொச்சியைச் சுற்றி எழுப்பிய மண் அணைகளை அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். நீரைத் தடுக்க எழுப்புகிற கட்டின் பெயர், ராங்கியைத் தடுக்க எழுப்பிய அணைக்கும் போயிற்று. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டு, முன்னேறி வந்த படையின் மேல் வெள்ளம் பாய்ந்தது. வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் அது. சொல்லிலே ஒன்றாகியிருந்த இரண்டும் அன்றைக்கு நிலத்திலேயே ஒன்றோடொன்று மோதின. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. கட்டுக் கட்டினவர்களின் பிள்ளைகள் நாங்கள், கட்டு உடைவதைப் பற்றி எழுத எங்களுக்குக் கை வராது.

மூன்றாவது பொருள் அண்ணி குசினிக்குள்ளிருந்து சொன்னது. தண்ணீர் நிரப்பி உயரத்தில் வைப்பது. அதைத் தமிழில் எழுதும்போது தாங்கி என்று எழுதுகிறோம். இந்தச் சொல்லில் எனக்குப் பெரிய விருப்பம். ராங்க் என்ற ஒலி தமிழ்க் காதுக்குள் வந்ததும், தாங்கு என்கிற எங்கள் வினையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் தாங்குவது தாங்கி. எங்கள் பெரியவர்கள் வீதியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க, திரும்பத் தூக்க அந்தக் கல். அந்த ஈரமும் இந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது. கடன் வாங்கிய ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

ஆனால் தாங்கியும் எங்கள் ஊரில் சும்மா இருக்கவில்லை. கிளிநொச்சி நகரில் கண்டி வீதியோரம் உயர்ந்து நின்ற பெரிய தண்ணீர்த் தாங்கி, நகரம் 2009 ஜனவரி 2இல் இராணுவத்தின் கைக்கு மாறியபோது விழுந்து கிடந்தது. யுத்தம் முடிந்து வீதி திறந்த பிறகும் பல வருசம் அது அப்படியே கிடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். என் வகுப்புக்கு வருகிற ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தாங்கியைப் பற்றி ஒரு வசனம் எழுதச் சொன்னேன். “தாங்கி படுத்திருக்கிறது” என்று எழுதினாள். அவள் பிறந்தது முதல் கண்ட பெரிய தாங்கி அதுதான்.

எங்கள் வீதியில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் செட்டிகுளத்தில் மெனிக் பாம். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அங்கே முகாமில் கம்பிக்குள் இருந்தது. பவுசரில் தண்ணீர் வரும், பிளாஸ்ரிக் தாங்கிகளில் நிரப்புவார்கள், வாளியோடும் கானோடும் வரிசை நிற்கும். 2012 செப்ரெம்பரில் அந்த முகாமை மூடினார்கள். அங்கே இருந்த என் மாமி இன்றைக்கும் வீட்டில் தாங்கி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பா. இரண்டு லீற்றர் தண்ணீருக்குப் பாதி நாள் நின்றவ. அவ நின்ற இடத்தின் பெயரிலும் ஒரு குளம் இருக்கிறது.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. யுத்தம் முடிந்து சில வருசங்களில் அப்பா எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தார். ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. ஆங்கிலத்தில் தயாரித்து அவசரமாகத் தமிழாக்கிய படிவம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதில் ஒரு கேள்வி: “உங்கள் கிராமத்தில் புனரமைக்கவேண்டிய தாங்கிகளின் எண்ணிக்கை.” அப்பா யோசித்தார். கோயிலில் ஒன்று, பொதுநோக்கு மண்டபத்தில் ஒன்று, வாசிகசாலைக்குப் பின்னால் வெடித்த ஒன்று. மூன்று என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினார். நான் வேலை விசயமாகக் கொழும்பில் நின்றேன், அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருசம் பக்கத்து ஊர்க் குளங்களுக்கு இயந்திரங்கள் வந்தன. கட்டு உயர்த்தினார்கள், புதுத் துருசு வைத்தார்கள். எங்கள் குளத்துக்கு ஒருவரும் வரவில்லை. அப்பா போய் விசாரித்தபோதுதான் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் கேட்டது குளத்தை. ஆங்கிலப் படிவத்தில் இருந்த சொல் இரண்டுக்கும் பொதுவான சொல். மொழிபெயர்த்தவருக்குக் குளம் நினைவுக்கு வரவில்லை. எங்கள் பெயருக்கு எதிரே மூன்று என்று மட்டும் இருக்க, விபரம் போதாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். திரும்ப எழுதிக் கொடுத்து, அடுத்த பட்டியலில் சேர்வதற்கு இரண்டு போகம் போய்விட்டது. அந்த இரண்டு போகமும் துருசு ஒழுகிச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் நிற்கவில்லை. அப்பா யாரையும் ஏசவில்லை. “என்ரை சொல்லை எனக்கே விளங்காமல் எழுதிப்போட்டாங்கள்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த வசனம் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் பொருள்கள் உண்டு. மீன் வளர்க்கிற கண்ணாடிப் பெட்டி. வாகனத்தில் எரிபொருள் நிரப்புகிற இடம் (2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்). அறிஞர்கள் கூடி அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிற நிறுவனம். பங்குவிலை தலைகீழாக விழுவது. பரீட்சைக்கு இவையெல்லாம் தேவை, படிப்பிக்கிறேன். ஆனால் இப்போது அந்தச் சொல்லைக் குளத்தில்தான் தொடங்குகிறேன். பிள்ளைகளைக் கட்டுக்குக் கூட்டிப்போய், இந்தச் சொல் இங்கேயிருந்து போனது, உலகம் சுற்றி இரும்பாக வந்தது, பிறகு பிளாஸ்ரிக்காக வந்தது, ஆனால் இதுதான் முதல் என்று காட்டுகிறேன். ஒரு பிள்ளை எழுந்து, “அப்ப குளத்துக்கு ஆங்கிலம் என்ன சேர்?” என்று கேட்டான். “குளம்” என்றேன். அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். இல்லை. ஆங்கிலம் எத்தனையோ மொழியின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்ட மொழி. இந்தச் சொல்லையே அப்படித்தானே எடுத்தது? வில்பத்தின் வில்லுகளை ஆங்கில நூல்கள் வில்லு என்றே எழுதுகின்றன. குளத்தையும் எழுதலாம், மோட்டையையும் எழுதலாம்.

உரிந்துபோன அந்தப் பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்கப் போகிறார்கள். ஆங்கில வரியை எழுதித் தரச் சொல்லிக் கமக்காரர் அமைப்பில் என்னிடம் கேட்டார்கள். குளத்தின் பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, வாலில் எதுவும் சேர்க்காமல் கொடுத்தேன். ஒருவர் மட்டும் “வெளியாட்களுக்கு விளங்குமோ தம்பி?” என்று கேட்டார். வெளியாட்கள் கேட்கட்டும் ஐயா, கேட்டால் கட்டில் ஏற்றிக் காட்டுவோம் என்றேன். தலையாட்டினார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த ஊர் என்றாலும், படிவமோ பலகையோ அறிக்கையோ மொழிபெயர்க்கிற வேலை உங்கள் கையில் வந்தால், ராங்க் என்ற சொல்லைக் கண்ட இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வீட்டில் அப்பம்மாவோ அம்மம்மாவோ இருந்தால், ஊரைச் சுற்றியிருந்த மோட்டை, மடு, கேணி எல்லாவற்றின் பெயரையும் இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள். நான் என் பெறாமகளை அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி எழுதவைத்தேன். தமிழ் எழுத்துக்கூட்டி எழுதினாள், இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்தாமல் வைத்திருக்கிறேன். அம்மா சொன்ன பெயர்கள் பதினொன்று. அதில் நான் கண்ணால் கண்டவை ஏழு.